மிரான் அடித்துவிட்ட வரி

டாக் மிரானிடம் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. அவளைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். குழம்பு நன்றாயிருக்கிறதா என்று கேட்டால், "எதோட ஒப்பிட்டுச் சொல்லணும்?" என்பாள். மழை வருமா என்று கேட்டால் போச்சு, அன்றைய பொழுது அதிலேயே போய்விடும். கலியாணமான புதிதில் அவள் கணவர் ஏதோ ஆசையில் "என்னை உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் உண்மையிலேயே யோசிக்கத் தொடங்கியதைப் பார்த்துப் பயந்துபோய், "சரி சரி, நீ சாப்பிடு" என்று பேச்சை மாற்றினாராம். அவரே சொல்லிச் சிரிக்கிற கதை இது.

பிழைப்பு கொடுத்த குணம் அது. சியோலில் அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை. இந்த மருந்து கேட்குமா, அந்தச் சிகிச்சையால் கெடுதல் உண்டா என்று சுகாதாரத் துறையிலிருந்து கேள்வி வரும். உலகத்தில் அதைப் பற்றி யார் யார் என்னென்ன ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் தேடி எடுத்து, சலித்து, எதை நம்பலாம், எதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் படிப்பார்கள். ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்கக் கூடாது. இருவரும் முட்டிக்கொண்டால் மூன்றாமவர் தீர்த்துவைப்பார். இப்படி நிதானமாக ஒரு கேள்விக்கு ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்வார்கள். அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோரும் எல்லோரையும் குடும்பப் பெயரோடு 'டீச்சர்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

கொள்ளைநோய் வந்ததும் அந்த நிதானமெல்லாம் காற்றில் போயிற்று. திங்கட்கிழமை கேள்வி வந்தால் வெள்ளிக்கிழமை பதில் வேண்டும். இரண்டு பேர் படிக்க வேண்டியதை ஒருவரே படித்தார். யாரும் சரிபார்க்காத கட்டுரைகளெல்லாம் ஈசல் மாதிரி கிளம்பி வந்தன. அவற்றைத் தள்ளவும் முடியாது, கொள்ளவும் முடியாது. அறிக்கை எத்தனை பக்கமானாலும் கடைசியில் முடிவு வரி என்று ஒன்று இருக்கும். துறையில் இருப்பவர்களுக்கு அதற்கு மேலே உள்ளதைப் படிக்க நேரமில்லை, சிலருக்கு நேரமிருந்தாலும் மனமில்லை. அந்த ஒரு வரி மட்டும் மறுவாரம் நாட்டின் நடைமுறையாகிவிடும்.

மிரானுக்கு ஒரே அண்ணன், குன்சிக். தேகு நகரத்தில் இறுதிச்சடங்குக் கூடம் நடத்துகிறவர். கூடம் என்றால் அவரும் அண்ணியும் இரண்டு ஆட்களும்தான். வாசனை இலை போட்டுக் காய்ச்சிய நீரில் பஞ்சை நனைத்து இறந்தவர் உடம்பைத் துடைத்து, தலை வாரி, நகம் வெட்டி, சணல் நூலில் நெய்த கோடித்துணியை உடுத்தி, வாயில் அரிசி வைத்துப் பெட்டியில் கிடத்துவது அவர் வேலை. பிள்ளைகள் சுற்றி நின்று முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி அழுவது அப்போதுதான். அப்பா லாரி ஓட்டியவர். அவருக்கு உடுத்திவிட்டதும் குன்சிக்தான்.

நோய் வந்ததும் இதெல்லாம் நின்றது. அந்த நோயில் போனவர்களை இரண்டு பைக்குள் வைத்து மூடி, நேரே நெருப்புக்கு அனுப்ப வேண்டும், சடங்கெல்லாம் அதற்கப்புறம் சாம்பலுக்கும் புகைப்படத்துக்கும்தான் என்று உத்தரவு வந்தது. அவசரத்தில் போட்ட உத்தரவு. தப்பென்று அப்போது யாரும் சொல்லவில்லை, பயம் அப்படி.

குன்சிக் தினமும் மத்தியானம் தங்கைக்குப் போன் போடுவார்.

"என்னா டாக்டரம்மா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே. நீ?"

"எங்கேர்ந்து சாப்பிடறது? காலையில ஒரு ஆளு என் காலைப் பிடிச்சுட்டாரு. என்னைவிடப் பெரியவரு. அவங்கப்பா முகத்தை ஒரே ஒரு தடவை காட்டச் சொல்றாரு. பையைத் திறக்கக் கூடாதுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஏன் மிரான், செத்தவரு மூச்சு விடுவாரா? இருமுவாரா, தும்முவாரா? அப்புறம் எப்படித் தொத்தும்?"

"தெரியலைண்ணே."

"தெரியலைன்னு சொல்றதுக்கா அப்பா உன்னை லாரி ஓட்டிப் படிக்க வச்சாரு?"

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்லத்தான் படிக்க வச்சாரு."

"நல்லா இருக்கு போ. அதுக்கு என்னை மாதிரி படிக்காமலே இருந்திருக்கலாம்" என்பார். அப்புறம் குரல் தணிந்து, "அம்மா என்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியும்ல? 'என்னைக் கண்டவன் கையில குடுத்துடாதேடா, நீதான் எனக்கு உடுத்திவிடணும்'னு. 'தலையை இழுத்து வாராதே, வலிக்கும்'னு வேற. செத்தப்புறம் வலிக்குமாம் கிழவிக்கு" என்று சிரிப்பார்.

அம்மா தேகுவிலேயே முதியோர் மருத்துவமனை ஒன்றில் கிடந்தாள். பக்கவாதம் வந்து வலக் கையும் பேச்சும் போய்விட்டன. நோய் பரவியதிலிருந்து அங்கே யாரையும் உள்ளே விடவில்லை. குன்சிக் ஜன்னலுக்கு வெளியே நின்று, கண்ணாடியில் கையை வைத்துக் காட்டிவிட்டு வருவார். அம்மா இந்தப் பக்கத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மிரானால் சியோலிலிருந்து அதற்கும் போக முடியவில்லை. அம்மாவுக்கு அந்த நோய் மட்டும் வந்துவிடக் கூடாது, வந்தால் தன் கையால் உடுத்திவிட முடியாது என்பதுதான் அண்ணனுடைய ஒரே பயம். சாவுக்கு அவர் பயந்தவரில்லை. தினமும் பார்க்கிற சாவு.

கோடை முடிகிற சமயத்தில் சுகாதாரத் துறையிலிருந்து பியோன் என்ற அதிகாரி கூப்பிட்டார். கேள்விகளைக் கொண்டுவருவதும் பதில்களை முடிவெடுக்கிற கமிட்டிக்கு எடுத்துப் போவதும் அவர் பொறுப்பு. நல்ல மனுஷன். தூக்கமில்லாமல் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"டாக் டீச்சர், உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கறதாத்தான் தெரியுது."

"அதுக்கும் ஆதாரம் தேடணும்பீங்க. கேளுங்க, செத்தவங்க உடம்புலேர்ந்து தொத்துமா, தொத்தாதா? தொத்தாதுன்னா வீட்டு ஆளுங்களைப் பாக்கவும் குளிப்பாட்டவும் விடலாமா? வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது."

"இதை நான் செய்யறது சரியில்லைங்க. எங்கண்ணன் சடங்குக் கூடம் வச்சிருக்கார். வேற யாருக்காவது குடுங்க."

"வேற யாரு இருக்கா? பாதிப் பேரு காய்ச்சல்ல கிடக்காங்க. உங்கண்ணனுக்கு இதுல என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணுமில்லை. குளிப்பாட்டினா தண்ணிச் செலவு."

பியோன் சிரித்துவிட்டு, "அப்ப அதை எழுதி வச்சுட்டு வேலையைப் பாருங்க" என்றார்.

எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். கேள்வியில் தனக்கு ஏதும் சொந்தச் சார்பு உண்டா என்று ஒவ்வொரு அறிக்கையின் தலையிலும் சொல்லியாக வேண்டும். மிரான் அண்ணனைப் பற்றி எழுதினாள். முதியோர் மருத்துவமனையில் கிடக்கிற அம்மாவையும் எழுதலாமா என்று யோசித்தாள். நாட்டில் பாதிப் பேரின் அம்மா அப்படித்தான் கிடந்தாள் என்று விட்டுவிட்டாள்.

அவளோடு அந்தக் கேள்விக்கு உட்கார்ந்தது போரம். குக் போரம் என்று முழுப்பெயர். வேலைக்கு வந்து மூன்று நான்கு வருஷமானவள், வாய் கொஞ்சம் நீளம். ஆட்கள் இருந்தால் 'டீச்சர்' என்பாள், தனியாக இருந்தால் 'அக்கா'. இருவரும் கண்ணாடித் தடுப்புக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, டப்பா நூடுல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே படித்தார்கள்.

கிடைத்தது கொஞ்சம்தான். இறந்தவர்கள் மூக்கில் கிருமியின் சுவடு இருந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். அது உயிருள்ள கிருமியா, செத்ததா என்று அவர்களுக்கே தெரியவில்லை. பிணவறையில் வேலை பார்த்த ஒருவருக்கு நோய் வந்ததாக ஓர் ஊரிலிருந்து வந்த குறிப்பு, அந்த ஊரில் எல்லோருக்கும் நோய் இருந்ததையும் ஒப்புக்கொண்டது. முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பிணங்களைக் குளிப்பாட்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த இரண்டு மூன்று இடங்களில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. அவையும் சின்ன ஆய்வுகள்.

போரம் முடிவு வரியை எழுதி நீட்டினாள். "தக்க பாதுகாப்புடன் உடலைக் கையாண்டவர்களுக்குத் தொற்றியதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகளின் தரம் மிகக் குறைவு. எனினும், அதே பாதுகாப்புடன் குடும்பத்தாரை அனுமதிப்பது பற்றி யோசிக்கலாம்."

மிரான் படித்தாள். முதல் இரண்டு வாக்கியமும் சரி. மூன்றாவதில் கண் நின்றது. இந்த மாதிரி 'யோசிக்கலாம்' எத்தனையோ எழுதியிருக்கிறாள், கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறாள். இதில் மட்டும் அவளுக்கு அண்ணனுடைய குரல் கேட்டது. செத்தவரு மூச்சு விடுவாரா, தும்முவாரா என்று தினமும் மத்தியானம் கேட்கிற அதே குரல். போரம் எழுதிய வாக்கியம்தான் என்றாலும், அதைத் தான் விட்டுவைத்தால் அண்ணனுக்காக விட்டுவைத்ததாக ஆகிவிடும் என்று தோன்றியது. அடித்துவிட்டாள்.

"அக்கா, ஏன் அடிச்சீங்க?"

"ஆதாரம் பத்தாது."

"போன மாசம் அந்தப் பிளாஸ்டிக் முகத்தடுப்புக்கு இதைவிடக் கம்மியா இருந்துச்சு. அப்ப 'யோசிக்கலாம்'னு போட்டமே?"

"அப்ப எனக்கு முகத்தடுப்பு விக்கிற அண்ணன் இல்லை."

போரம் சிரித்தாள். மிரான் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். "உங்கண்ணனுக்குப் பிடிச்ச பதிலுங்கறதால சரியான பதிலு தப்பாயிடுமா?"

"நாளைக்கு எவனாவது எழுதுவான், டாக் மிரான் தன் வீட்டு யாவாரத்துக்காக எழுதினாள்னு. அப்புறம் நாம எழுதின எதையும் எவனும் நம்ப மாட்டான். போரம், விடு. மேல இருக்கறதே போதும். படிக்கறவங்களுக்குப் புரியும்."

தன் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று பயந்து, அவள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டாள். லஞ்சம் வாங்கத் தெரிந்தவனுக்கு இந்தத் தப்பு வராது. நேர்மையானவர்களுக்கே உரிய தப்பு, அதனாலேயே அதைத் தப்பென்று கண்டுபிடிக்கவும் ஆளில்லை. போரம் தோளைக் குலுக்கிக்கொண்டு அறிக்கையை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் ஒருவர் மைக் முன்னால் நின்று படித்தார். "உடலைத் தொடுவது பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் இல்லை. இப்போதுள்ள நடைமுறையே தொடரும்."

மிரான் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கூட்டத்துக்கு 'ஆதாரம் இல்லை' என்றால், தேடினோம், கிடைக்கவில்லை என்று பொருள். தொற்றியதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஊர்வாயில் ஆதாரம் இல்லாதது என்றால் புரளி, நம்பக்கூடாதது, செய்யக்கூடாதது. அவள் எழுதிய இரண்டு சொற்களும் அப்படியேதான் இருந்தன. தலை மட்டும் கால் பக்கம் போய்விட்டது.

உடனே பியோனுக்குப் போன் போட்டாள். "நான் எழுதினது அது இல்லைங்க. தொத்தினதுக்கு ஆதாரம் இல்லைன்னு எழுதினேன்."

"எனக்குத் தெரியும் டீச்சர். கமிட்டியில சொன்னேன். அப்ப ஒருத்தர் கேட்டாரு, 'தொத்தாதுங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?'ன்னு. உங்க காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பாத்தேன். 'விடலாம்', 'யோசிக்கலாம்'னு ஒரு வார்த்தை கிடைச்சா தூக்கிக் காட்டலாம்னு. எப்பவும் போடுவீங்களே. இதுல இல்லை." காகிதத்தை மூடி வைக்கிற சத்தம் கேட்டது. "எங்க மாமனாரை நான் ஜாடியில சாம்பலாத்தான் பாத்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கேள்வியையே உங்ககிட்ட கொண்டுவந்தேன்."

"திருத்தி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க, வச்சுக்கறேன். ஆனா இப்போதைக்கு இதை மறுபடி எடுக்க மாட்டாங்க. வரிசையில எவ்வளவோ நிக்குது."

திருத்தி அனுப்பினாள். அது யார் மேசையில் கிடந்ததோ.

மறுநாள் மத்தியானம் குன்சிக் கூப்பிட்டார். அந்த அறிக்கையை எழுதியது தன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. வேலையில் நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்ற விதியை மிரான் எப்போதும் மீறியதில்லை.

"டிவியில பாத்தியா? ஆதாரம் இல்லையாம்."

"பாத்தேண்ணே."

"எவனோ சூட்டுப் போட்ட மடையன் ஏசியில உக்காந்து எழுதியிருக்கான். அவன் வீட்டுல இன்னும் யாரும் சாகலை போல."

மிரான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். "என்ன சத்தத்தையே காணோம்? உங்க ஆளுங்களைத் திட்டினா கோவம் வருதாக்கும்" என்று அவரே சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

குளிர் தொடங்கியதும் அந்த முதியோர் மருத்துவமனையில் நோய் புகுந்தது. உள்ளே இருந்தவர்களை உள்ளேயே வைத்துக் கட்டடத்தைப் பூட்டினார்கள். பெரிய மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. ஒரு தாதிப் பெண் தலை முதல் கால் வரை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனைப் பிடித்துக் காட்டினாள். அண்ணனும் தங்கையும் ஆளுக்கோர் ஊரிலிருந்து அதில் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. குன்சிக் "அம்மா, நான் குன்சிக். அம்மா, குன்சிக்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மிரான் போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். இரண்டு நாளில் அம்மா போய்விட்டாள்.

மிரான் முதல் ரயிலைப் பிடித்து வந்தாள். அவளை மருத்துவமனையின் பின் வாசல் கம்பிக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். குன்சிக்கை உள்ளே விட்டார்கள், ஏனென்றால் உடலை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரர் அவர்தான். உத்தரவு பெற்ற கூடக்காரர்கள் ஊரில் கொஞ்சப் பேர். மற்றவர்கள் கைநிறைய வேலையில் இருந்தார்கள். தன் தாயை வேறொருவர் ஏற்றுவதை அவர் விரும்பவுமில்லை.

அம்மா இரண்டு பைக்குள் மூடி வந்தாள். அம்மாவே பல வருஷத்துக்கு முன் தனக்கென்று தைத்து வாங்கி வைத்திருந்த சணல் கோடியைக் குன்சிக் கொண்டுவந்திருந்தார். உடுத்த முடியாது, பையின் மேல் பரப்பி வைக்கலாம் என்பது அனுமதி. பெட்டிக்குள் பையை இறக்கியதும் கோடியை விரித்தார். விரித்துவிட்டு அப்படியே நின்றார். தடித்த பை, உள்ளே என்ன எந்தப் பக்கம் என்று வெளியில் தெரியவில்லை.

"தம்பி, தலை எந்தப் பக்கம்?" என்று மருத்துவமனை ஆளைக் கேட்டார்.

கம்பிக் கதவுக்கு வெளியில் நின்ற மிரானுக்கு அது கேட்டது. ஊரில் எத்தனையோ பேரின் தலையை மடியில் தாங்கி வாரிவிட்டவர், பெற்ற தாயின் தலை எந்தப் பக்கம் என்று அடுத்தவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த ஆள் கையைக் காட்டினான். பிறகு குன்சிக்கின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். குன்சிக் தலையை ஆட்டி மறுத்தார். கழுத்து வரும் இடத்தில் கழுத்தும், கை வரும் இடத்தில் கையுமாகக் கோடியைப் பரப்பி, சுருக்கத்தை நீவிவிட்டு மூடியைப் போட்டார்.

சாம்பல் வந்தபின் சடங்கு நடந்தது. வெள்ளைச் சாமந்திக்கு நடுவில் அம்மாவின் படம், பக்கத்தில் ஜாடி. காரமான மாட்டுக்கறிச் சாறு வழக்கம்போலப் பெரிய அண்டாவில் கொதித்தது. சாப்பிடத்தான் ஆளில்லை. வந்த நாலைந்து பேரும் தள்ளித் தள்ளி நின்று வணங்கிவிட்டுப் போனார்கள். போரம் வந்திருந்தாள். வணங்கி எழுந்ததும் மிரான் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அந்த வரி..." என்று தொடங்கினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இங்க வேண்டாம்" என்றாள் மிரான்.

குன்சிக் அவர்களைப் பார்த்துவிட்டு, "சியோல்லேர்ந்து வந்த பொண்ணா? முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் அழலாம்" என்று போரமுக்கு ஒரு கிண்ணம் சாறு கொண்டுவந்து வைத்தார். போரம் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணன் தினமும் கூப்பிடுவது நின்றது. பண்டிகை நாட்களில் பேசினார். பேசினாலும் கேலி இல்லை. மூன்று நிமிஷத்தில் "சரி, வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவார். முன்னைவிடக் குடிக்கிறார் என்று அண்ணி சொன்னாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாராம்.

மிரான் தன் வேலையைப் பார்த்தாள். தடுப்பூசி வந்தது, ஊசிக்கு ஆயிரம் கேள்விகள் வந்தன. அடுத்த வருஷக் குளிர்காலத்தில் பியோன் பழைய கேள்வியைத் தூசி தட்டி மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை மிரான் சார்பு எழுதுகிற இடத்தில் 'என் தாய்' என்று எழுதி, விலகிக்கொண்டாள். யாரும் வாதாடவில்லை. போரம் தலைமையில் அறிக்கை போயிற்று, முடிவு வரியில் 'அனுமதிக்கலாம்' இருந்தது. ஆய்வுகள் சில கூடியிருந்தன. பதில் மாறவில்லை. உத்தரவு மாறியது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம் குன்சிக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சுண்ணே."

"இன்னைக்கு ஒரு பெரியம்மாவுக்கு உடுத்திவிட்டேன் மிரான். அந்த நோயில போனவங்க. பொண்ணுங்க எல்லாம் சுத்தி நின்னாங்க. எனக்குத்தான் எது முதல்ல, எது அப்புறம்னே மறந்துபோச்சு. முதல் நாள் வேலைக்கு வந்தவன் மாதிரி. உன்னை ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காமச் சொல்லணும்."

"கேளு."

"அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரி ஆளு என் காதுல சொன்னான், 'ஐயா, நான் திரும்பி நின்னுக்கறேன், ஒரு நிமிஷம் திறந்து முகத்தைப் பாத்துத் துடைச்சுவிட்டுடுங்க'ன்னு. முழு உறை மாட்டியிருந்தேன், கையுறை இருந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. நான் திறக்கலை. ஆதாரம் இல்லைன்னு டிவியில சொன்னதுதான் காதுல நின்னுச்சு. வீட்டுல உங்க அண்ணி இருக்கா, அவளுக்கு நெஞ்சு சரியில்லை. பயந்துட்டேன். கேட்டுக்கிட்ட ஒரே விஷயம் மிரான், பெத்தவ கேட்டுக்கிட்ட ஒரே விஷயம். இப்ப தொடலாம்கறாங்க. அப்ப அன்னைக்கு நான் திறந்திருந்தா எனக்குத் தொத்தியிருக்குமா, இருக்காதா?"

பதில் மிரானுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக அதைத் தெரிந்தவர்கள் நாட்டில் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். தொற்றியிருக்காது. அநேகமாகத் தொற்றியிருக்காது. அந்த 'அநேகமாக'வை எவ்வளவு கனத்தில் சொல்ல வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் இந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் அந்தப் பையின் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார் என்பதும் தெரியும். அதற்கு அடுத்து, அப்படியானால் யார்தான் அப்படி எழுதியது என்று கேட்பார் என்பதும் தெரியும்.

"தொத்தியிருக்கும்ணே" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா. உனக்கு வந்து, உன்கிட்டேர்ந்து அண்ணிக்கு வந்திருக்கும். அப்ப ஊசி கிடையாது. இப்ப எல்லாரும் போட்டிருக்கோம், அதனால விடறாங்க. அப்ப வேற, இப்ப வேற."

மறுமுனையில் குன்சிக் அழுவது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழத் தெரியாத மனுஷன், கூடம் முழுக்கக் கேட்கும்படி அழுதார். அழுதுகொண்டே திரும்பி மனைவியிடம் சொன்னார்: "ஏய், கேட்டியா? மிரான் சொல்லிட்டா. திறந்திருந்தா உனக்கும் வந்திருக்குமாம். நான் செஞ்சது சரிதானாம்." அண்ணி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

அண்ணனுக்காகச் சொன்னாளா, தன்னை மறைத்துக்கொள்ளச் சொன்னாளா என்று யாராவது கேட்டிருந்தால் மிரானால் தரம் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

"ஒரு வருஷமா நெஞ்சுல கிடந்துச்சும்மா" என்றார் குன்சிக், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வேற எவன் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்றான்னு நெனச்சிருப்பேன். நீ சொன்னா சந்தேகமே இல்லை. உனக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதே."

"ஆமாண்ணே" என்றாள் மிரான்.